பார்வேட்டைக்குக் காமிராவோடு வருகிறவர்களுக்கு



மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்து மலைக்கு எழுந்தருளி, பகற்பொழுதை அங்கே கழித்து, பாலாற்றைக் கடந்து எங்கள் ஊர் அப்பன் வேங்கடேசப் பெருமாள் சந்நிதியை அடைந்து, சீவரத்து நரசிம்மரும் காவாந்தண்டலத்துப் பெருமாளும் சாலவாக்கத்துப் பெருமாளும் உடனிருக்க ஐவராகச் சேவை சாதிக்கின்ற பார்வேட்டை உத்ஸவத்துக்கு, முன்னாளில் கட்டுச்சோற்று மூட்டையோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய ஜனங்களைப் போலவே, சில வருஷங்களாகக் காமிராவும் மைக்கும் ட்ரைபாடும் சுமந்துகொண்டு நீங்களும் வந்து இறங்குகிறீர்கள். சென்னைக் கல்லூரிகளில் விஸ்காம் படிக்கிறவர்கள், கம்பெனி உத்தியோகத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் சொந்தக் காமிரா வாங்கினவர்கள், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று பலதரத்தவரான உங்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பாவித்து இம்மடலை எழுதுகிறேன். உத்ஸவம் முடிந்ததும் பெருமாள் காஞ்சிக்குத் திரும்பிவிடுகிறார். உங்களில் சிலர் திரும்புவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தெருவுக்குள் வந்து, திண்ணையில் அமர்ந்து, பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்கிறீர்கள். அப்படித் தங்குகிறவர்களையே நான் மிகுதியும் விரும்புகிறேன் என்பதையும், இம்மடலில் நான் சொல்லும் குறைகள் எல்லாம் அவர்களை உத்தேசித்தவையே என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சினிமாவைத் தொழிலாக அறிந்தவன் அல்லன். காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, பிறந்த ஊராகிய திருமுக்கூடலில் குடியிருப்பவன். படம் பார்க்கிற பழக்கம் மட்டும் சிறு வயது முதல் உண்டு. எங்கள் தலைமுறைக்கு ஆவணப்படம் என்றால், 1948-ல் ஏற்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்து, கொட்டகைக்காரர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டிய, அணைக்கட்டும் வெள்ள நிவாரணமும் நிறைந்த அந்தத் துண்டுப் படங்கள்தாம். அவை ஓடும் நேரம் முறுக்கு வாங்குவதற்கென்றே ஏற்பட்ட நேரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதே சர்க்கார் காரியாலயத்தில் எஸ்.என்.எஸ். சாஸ்திரி என்னும் ஒருவர் அமர்ந்து, 1967-ல், தேசம் விடுதலை பெற்ற வருஷத்தில் பிறந்த இளைஞர்களை நேரில் நிறுத்திப் பேசவைத்து ‘ஐ ஆம் 20’ என்ற படத்தையும், அதற்கடுத்த வருஷம், குறும்படம் எடுக்கும் தம் பிழைப்பையே விஷயமாகக்கொண்டு ‘அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்’ என்ற படத்தையும் எடுத்திருக்கிறார் என்று வெகுகாலம் கழித்தே தெரிந்துகொண்டேன். முறுக்கு வாங்கப் போனதால் எதையெல்லாம் இழந்தோமோ!

குறும்படத்தைக் கோடம்பாக்கத்துக்கு ஏறும் ஏணியாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி 2009-க்குப் பின் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி முதலானோரை நமக்குக் கொடுத்தது. அது நல்ல காரியமே. ஆனால் நீங்கள் எங்கள் திண்ணையில் அமர்ந்து எடுக்கும் படம் அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று. அதில் நடிகர் இல்லை, சம்பளம் இல்லை, ஒரு கிழவர் தம் வாழ்க்கையை எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறார், நீங்கள் அதைக் கொண்டுபோய் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறீர்கள். ஆகவே இவ்விரண்டுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. என் விண்ணப்பம் சிறியது. எங்களைப் பற்றி எடுக்கும் படத்தை, வேறெங்கும் காட்டுமுன் எங்களுக்குக் காட்டுங்கள். காட்டிய பின் பிரதி ஒன்றை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். இவ்வளவே. இதற்கு எனக்குள்ள நியாயங்களைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

முதலில், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரையும் பெயர் சுட்டாமல் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்கு இளைஞர் கோஷ்டியொன்று வந்து, வெகு மரியாதையாக நடந்துகொண்டு, தறியின் அருகில் பல நாள் இருந்து படம் பிடித்தது. அந்த வீட்டு அம்மாள் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே எத்தனையோ விஷயங்களைப் பேசியவர், ஒரு சமயம், மாஸ்டர் வீவர் கூலியில் பிடித்தம் செய்ததைப் பற்றியும் நாலு வார்த்தை வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஐந்து நிமிஷப் படத்தில் அந்த நாலு வார்த்தைதான் மிஞ்சியது. படம் வெளியூர் விழாவொன்றில் பரிசு பெற்று, யூடியூபிலும் ஏறி, மாஸ்டர் வீவரின் மகன் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டுக்கு வரவேண்டிய அடுத்த பாவு வரவில்லை. காரணம் என்னவென்று அந்த அம்மாளுக்கு நெடுநாள் புரியவேயில்லை, ஏனெனில் தாம் நடித்த (அவர் அப்படித்தான் சொன்னார்) படத்தை அவர் பார்த்தவரே அல்லர். பிடித்தம் செய்தது பொய்யல்ல. வெளியே வரத் தகாத செய்தியும் அல்ல. ஆனால் அதைச் சொல்வதால் என்ன விளையும் என்று யோசிக்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கப்படவில்லை. முதல் திரையிடல் அவர் வீட்டுக் கூடத்திலேயே, ஒரு லாப்டாப்பில், அரைமணி நேரத்தில் நடந்திருக்கலாம்.

எங்கள் ஊருக்கு இதில் பேச ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் நிற்கும் இக்கோயிலின் சுவரில், பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பெற்ற நெடிய சாசனத்தை நீங்களும் உங்கள் காமிராவை மெதுவாக நகர்த்தி எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஜனநாத மண்டபத்தில் நடந்த கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், பதினைந்து கட்டில்கள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையையும் பற்றிய அந்தச் சாசனத்தில், வைத்தியரின் பெயர் கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்று இருக்கிறது. அவருக்கு இவ்வளவு நெல் என்று இருக்கிறது. சல்லியக்கிரியை செய்பவருக்கும், மூலிகை பறித்து விறகு கொணர்ந்து மருந்து காய்ச்சுபவர்களுக்கும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும், நாவிதருக்கும், தண்ணீர் கொண்டுவருபவருக்கும் என்னென்ன என்று இருக்கிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று இருப்பிலிருந்த மருந்துகளின் ஜாபிதாவும் இருக்கிறது. ராஜாவின் மெய்க்கீர்த்தி எல்லா ஊர்ச் சுவர்களிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை வாசிக்க யாரும் இத்தனை தூரம் வரவேண்டியதில்லை. விறகு கொணர்ந்தவனுக்கு நெல் அளந்த கணக்குக்காகத்தான் வருகிறார்கள். அந்தக் கணக்கு, யாரைப் பற்றியதோ அவர்கள் தினமும் நடந்துபோகும் இடத்திலேயே வெட்டிவைக்கப்பட்டது. குறைத்துக் கொடுத்தால் சுவரைக் காட்டிக் கேட்டிருக்கலாம். ஒரு சாசனம் ஊரில் இருப்பதற்கும், தலைநகரத்து ஓலைச் சுவடியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உங்கள் படங்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன என்பீர்கள். சினிமா என்னும் இந்த வித்தை நம் நாட்டுக்கு வந்த நாள் முதல் அதன் பிரதிகளுக்கு நேர்ந்த கதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்து, தென்னாட்டின் முதல் கதைப்படமாகக் கொண்டாடப்படும் ‘கீசக வதம்’ இன்று ஓர் அடி கூட இல்லை. தென்னாட்டு ஊமைப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், நாவலின் உரிமை பற்றி எழுந்த வழக்கில் அதன் பிரதி பறிமுதலாகி, புத்தக வெளியீட்டாளரிடம் கிடந்ததுதான். ஆதரித்தவர்கள் தொலைத்தார்கள், வழக்குப் போட்டவர்கள் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இதனினும் வருத்தம் தருவது கோட்டையூர் ஏ.கே. செட்டியாரின் சரித்திரம். ஸ்டுடியோ முதலாளியின் தயவோ சர்க்காரின் ஆணையோ இன்றி, ஒரு தனிமனிதன் தன் மனத்தில் தோன்றிய விருப்பத்துக்காக நெடும்படம் எடுக்கலாம் என்பதைத் தமிழர்களுக்கு முதன்முதலில் பிரத்தியட்சமாகக் காட்டியவர் அவர். உங்களுடைய ஜாதிக்கெல்லாம் மூத்தவர் என்று தயங்காமல் சொல்லலாம். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அந்த 25 வயது இளைஞர், 1937-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில், அன்று காந்தியடிகளின் பிறந்த நாள் என்ற நினைவோடு, அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பதென்று தீர்மானித்தார். அடிகளை உட்காரவைத்து எடுப்பது முடியாத காரியம். காமிராவைக் கண்டால் அவருக்குப் பிரியமில்லை. ஆகவே செட்டியார், முப்பது வருஷங்களில் ஏறக்குறைய நூறு காமிராக்காரர்கள் உலகத்தின் பல மூலைகளில் எடுத்துப் போட்டிருந்த துண்டுகளைத் தேடி, தென்னாப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி ஃபிலிமைச் சேர்த்து, அதிலிருந்து 12,000 அடிப் படத்தை உண்டாக்கினார். நிமிஷத்துக்கு 90 அடி ஓடும் ஃபிலிம் என்பதைக் கொண்டு கணக்கிட்டால் இரண்டு மணிநேரத்துக்கும் அதிகமாகிறது. யுத்த மேகம் சூழ்ந்த காலத்தில், ஒவ்வொரு துறைமுகத்திலும் கஸ்டம்ஸ்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் தீப்பற்றும் ஃபிலிமைச் சுமந்து திரிந்த மனிதரை, கைக்குட்டைக்குள் அடங்கும் மெமரி கார்டை வைத்திருக்கும் நீங்கள் ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்க்க வேண்டும். 1940 ஆகஸ்டு 23-ஆம் தேதி சென்னையில் படம் வெளியாயிற்று. இராட்டையைப் பாடும் பாட்டை அதில் பாடியவர், நம் காஞ்சிபுரத்துக்காரராகிய டி.கே. பட்டம்மாள்.

அதன் பின்? யுத்தகால ஆட்சியின் கண் அதன்மேல் இருந்தது; கொட்டகைக்காரர்களுக்குப் பயம் இருந்தது. விடுதலைக்குப் பின்னும் படம் தன் ஊரில் நிலைகொள்ளவில்லை. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்று உருவாயிற்று. செட்டியாரோ தம்மை முன்னிறுத்திக்கொள்ளும் சுபாவம் அற்றவர். ‘குமரி மலர்’ பத்திரிகையை நடத்திக்கொண்டு, பிறருடைய பழைய எழுத்துகளைத் தேடித் தேடிப் பதிப்பித்துக்கொண்டு, 1983-ல் மறைந்தார். தமிழ் விவரணையோடு கூடிய முழுப்படம் இன்று நமக்குக் காணக் கிடைக்கவில்லை. ஆங்கில வடிவத்தின் பிரதியொன்றை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் கண்டறிந்தார். படம் எடுத்த அனுபவத்தைப் பற்றிச் செட்டியார் எழுதியவற்றை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற புத்தகமாகத் தொகுத்தவரும் அவரே. உலகத்தின் துண்டுகளையெல்லாம் ஒன்று சேர்த்தவருடைய படம் உலகத்தில் துண்டாகச் சிதறிற்று. கோட்டையூரில் ஒரு பிரதி, சென்னையில் ஒரு பிரதி, மதுரையில் ஒரு பிரதி என்று ஊருக்கொன்றாகப் பத்து இடத்தில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அக்காலத்தில் பிரதி எடுப்பதற்கு ஆன செலவும், நைட்ரேட் ஃபிலிமைப் பாதுகாப்பதில் உள்ள அபாயமும் எனக்குத் தெரியாததன்று. செட்டியார்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பென்டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்துக் கொடுக்கக்கூடிய நீங்கள் என்ன சமாதானம் சொல்வீர்கள்?

அண்மைக் காலத்துக்கு வருகிறேன். மதுரையில் ஆர்.பி. அமுதன் என்பவர், ‘மறுபக்கம்’ என்ற பெயரில் இயங்கிக்கொண்டு, 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறார். உங்களில் பலர் அதற்குப் போயிருப்பீர்கள். அவருடைய ‘பீ’ (2003) என்ற படத்தைச் சிலர் தலைப்பைக் கேட்டே முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்க்காமல் விட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான். கோயிலை அடுத்த ஒரு தெருவில் மனித மலத்தை அன்றாடம் கூட்டி அள்ளும் ஒரு பெண்மணியோடு, அந்த ஒரே தெருவில், காமிரா நடக்கிறது, அவ்வளவுதான் படம். சோக சங்கீதம் இல்லை. பெரிய மனிதர் யாரும் வந்து அபிப்பிராயம் சொல்லவில்லை. அந்த அம்மாள் கூட்டுகிறார், சாம்பலைத் தூவுகிறார், தகரத்தால் வாருகிறார், வண்டியில் கொட்டுகிறார், இடையிடையே பேசுகிறார். அவர் முடிக்கும்வரை நீங்களும் முடிக்க முடியாது. கால்மணி கழிந்ததும் நாற்காலியில் நெளிகிறோம். அந்த நெளிவுதான் படம் எடுத்தவர் கேட்டது. இதே அமுதன், மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய மூன்று கடலோர ஊர்களைப் பற்றிக் கதிர்வீச்சுக் கதைகளாக மூன்று படங்கள் எடுத்திருக்கிறார். எங்கள் ஊர் வழியாகப் போகும் பாலாறு வயலூரில், அந்தக் கல்பாக்கத்தின் அருகில்தான் கடலில் சேர்கிறது என்பதனால் நடுவிலுள்ள படத்தை நான் ஒரு சொந்த அக்கறையோடு பார்த்தேன்.

ஒரு வேலையை அதன் முழு நீளத்தில் இருந்து பார்ப்பது என்ற இந்தக் குணம், பட்டுத் தறியைப் பற்றி நீங்கள் எடுக்கும் படங்களில் எனக்குக் கிடைப்பதில்லை. நாடா பறக்கிறது, ஜரிகை மின்னுகிறது, நெசவாளரின் சுருங்கிய முகம் வருகிறது, புல்லாங்குழல் ஒலிக்கிறது, முடிந்தது. தறியின் நிஜமான ஓசையைக் கேட்கவிடாமல் புல்லாங்குழல் ஏன் வந்து மறிக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. கோர்வைச் சேலை நெய்யும் குழித்தறியைக் கவனித்திருப்பீர்கள்: உடலும் கரையும் வேறு வேறு நிறமாகவும், சேரும் இடத்தில் இழையோடு இழை பூட்டிக்கொள்வதாகவும் நெய்ய வேண்டியிருப்பதால், நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அநேகமாக அது மனைவியாகவோ மகளாகவோ வளரும் பையனாகவோ இருக்கும். அவருக்குத் தனிக் கூலி கிடையாது. நெசவாளர் கூலிக்குள் அவர் அடக்கம். சங்கத்துக் கணக்கில் அவருடைய பெயருக்குப் பத்தி கிடையாது. அந்தக் கணக்கை எழுதினவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எடுத்த படங்களிலும், நான் பார்த்த வரையில், அவருடைய கை சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கணம் வந்து போகிறது, முகம் வருவதில்லை. தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக எடுத்துத் திரித்துப் பிணைக்கும் பெண்களுக்கு அதுவும் இல்லை. பிரியதர்ஷன் எடுத்து, 2007-ஆம் வருஷத்துக்கான தேசிய விருதைப் பெற்ற ‘காஞ்சிவரம்’ கதைப்படம். பிரகாஷ் ராஜ் என்ற பெருநடிகரின் தோளில் அது நிற்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லையே! தெருவில் திரைகட்டிக் காட்டினால், கரை நாடா தள்ளும் அந்தப் பெண்ணே எழுந்து, நான் எங்கே என்று கேட்பாள். நீங்கள் மறுபடி வந்து எடுப்பீர்கள், படம் நன்றாகும். முதலில் எங்களுக்குக் காட்டுங்கள் என்று நான் சொல்வது தர்மத்துக்காக மட்டும் அன்று, படத்தின் நன்மைக்காகவுந்தான்.

இது புதிய யோசனை அன்று. வடதுருவத்து இனூயிட் மக்களோடு இருந்து ‘நானூக் ஆஃப் தி நார்த்’ (1922) எடுத்த ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, எடுத்த துண்டுகளை அங்கேயே கழுவி அவர்களுக்கே காட்டி, அவர்கள் யோசனை கேட்டு மேலே எடுத்தார். நம் நாட்டில் ஆனந்த் பட்வர்தன், பம்பாயின் குடிசைவாசிகளைப் பற்றி 1985-ல் ‘பம்பாய் நமது நகரம்’ எடுத்தபோது, குடிசை இழந்த ஒரு பெண், எங்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கிக்கொள்ள வந்தீர்களா என்ற பொருள்பட அவரையே திட்டித் தீர்த்தாள். அவர் அதை வெட்டி எறியவில்லை, படத்துக்குள்ளேயே வைத்தார். அந்தப் படத்தில் பாடிய விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர், 1997-ல் ராமாபாய் நகரில் பத்துப் பேர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானதற்குப் பின் தம் உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்திலிருந்து தொடங்கி, பட்வர்தன் பல வருஷம் உழைத்து ‘ஜெய் பீம் காம்ரேட்’ எடுத்து, அதை விழாக்களோடு நிறுத்தாமல் மும்பையின் தலித் குடியிருப்புகளில் திரைகட்டிக் காட்டினார். தம் தாய் தந்தையரையும் குடும்பத்தையும் பற்றி ‘வசுதைவ குடும்பகம்’ என்ற அந்தரங்கமான படத்தை அவர் எடுத்தது 2023-ல், முதுமையில். பிறர் வீட்டுக் கூடத்தில் எப்படி இருக்க வேண்டுமென்று இத்தனை காலம் பழகினவருக்குத் தம் வீட்டுக் கூடத்தில் காமிராவை வைக்கும் யோக்கியதை வந்திருந்தது என்பது என் அபிப்பிராயம். உங்களில் பலர் பாட்டியைப் பற்றிய படத்தில் தொடங்குகிறீர்கள். நல்லதுதான், ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது.

இனி உங்கள் பக்கத்து ஆட்சேபங்கள். விழாக்காரர்கள் முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள் என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். விளம்பரம் இல்லாமல், சீட்டு இல்லாமல், படத்தில் இருப்பவர்களும் அவர்களுடைய அண்டை வீட்டாரும் அமர்ந்து பார்ப்பதைத் திரையிடல் என்று எந்த விழா கணக்கில் எடுக்கும்? அது படத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் காரியம். அப்படியும் ஒரு விழா அதைக் குற்றமாகக் கொள்ளுமானால் அந்த விழாவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லைதான், ஆயினும் சொல்கிறேன்.

எல்லோரிடமும் அனுமதி கேட்டால் உண்மையைச் சொல்ல முடியுமா என்பது இரண்டாவது ஆட்சேபம், இது கனமானது. நான் அனுமதி கேட்கச் சொன்னது காமிராவுக்கு முன் தம்மை நம்பி ஒப்புக்கொடுத்தவர்களிடம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல் அரவை ஆலைகளின் தூசியைப் பற்றியோ, லாரிகள் உழுத சாலையைப் பற்றியோ, பாலாற்று மணல் போன வழியைப் பற்றியோ நீங்கள் படம் எடுத்தால், ஆலைக்காரருக்கும் லாரிக்காரருக்கும் முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பதில் சொல்ல இடம் கொடுத்தால் போதும். திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ 2017-ல் திரையிடத் தடைபட்டு, யூடியூபில் ஏறி, மலக்குழி மரணங்களைப் பற்றி ஊரெல்லாம் பேசவைத்ததே. அந்தத் துணிச்சல் வேண்டாமென்று யார் சொல்வார்கள்? வலியவனிடம் வணங்கி நிற்பதும் எளியவனிடம் கேட்காமல் எடுப்பதும் நம் நாட்டில் பொதுவாக நடப்பது. அதைத் தலைகீழாக நடத்துங்கள் என்பதே நான் கேட்பது. எளியவர் ஒருவர், இந்த வாக்கியத்தை எடுத்துவிடு தம்பி என்று சொன்னால், காரணம் கேளுங்கள், வாதாடியும் பாருங்கள், அப்பொழுதும் அவர் மனம் மாறாவிட்டால் எடுத்துவிடுங்கள். படம் கொஞ்சம் மெலியும். பரவாயில்லை.

மூன்றாவதாகப் பணம். அதைப் பற்றி நான் என்ன சொல்ல? சொந்தப் பணத்தில் எடுக்கிறீர்கள், கடன் வாங்குகிறீர்கள், வீட்டில் திட்டு வாங்குகிறீர்கள் என்பது தெரியும். நான் கேட்பதற்குச் செலவு ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு பென்டிரைவும்.

ஆகையால் காரியத்துக்கு வருவோம். வருகிற மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், காணும் பொங்கலன்று மாலை, விளக்கு வைத்த பிறகு, எங்கள் தெருவில் வெள்ளை வேட்டிகளைத் தைத்துச் சேர்த்துத் திரை கட்டுவதாகச் சில பேர் பேசி முடித்திருக்கிறோம். கோயில் மதிலுக்குள் தொல்லியல் துறை விடாது. அங்கே கேட்கவும் வேண்டாம். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய தேசத்தில், தெருவில் திரை கட்டுவது ஒன்றும் அதிசயமில்லை. கரண்டுக்கு என் வீட்டு மீட்டர். உட்காரப் பாயும், பெரியவர்களுக்கு நாற்காலியும் எங்கள் பொறுப்பு. புரொஜெக்டரும் நல்ல ஸ்பீக்கரும் நீங்கள் கொண்டுவர வேண்டும். இங்கே உள்ள ஸ்பீக்கர் கல்யாண வீட்டு ஸ்பீக்கர், அதில் தறி ஓசையும் இடி ஓசையும் ஒன்றாகக் கேட்கும். முடிந்த படம்தான் வேண்டும் என்பதில்லை. எடிட்டிங் பாதியில் நிற்பதையும் கொண்டுவாருங்கள், அதுவே உத்தமம். ஆங்கில சப்டைட்டில் இருந்தால் இருக்கட்டும், எங்களுக்கு இடைஞ்சல் இல்லை.

பிரதிகளை வைப்பதற்கு ஒரு இரும்பு அலமாரியை ஒழித்து வைத்திருக்கிறேன். படம் ஒவ்வொன்றோடும் ஒரு தாள் எழுதித் தாருங்கள்: யார் யார் இருக்கிறார்கள், எந்தத் தெரு, எந்த மாதம் எடுத்தது, யார் மைக் பிடித்தது. கரை நாடா தள்ளியவர் பெயர் கட்டாயம் வேண்டும். பென்டிரைவ் நெடுநாள் தாங்காது என்று பேரன் சொல்கிறான். இரண்டாகக் கொடுத்துவிட்டால், சில வருஷத்துக்கொரு முறை புதியதில் மாற்றி எழுதும் வேலையை அவன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். இராத்திரிக்குச் சாம்பார் சாதமும் தயிர்ச்சாதமும் உண்டு. எத்தனை பேர் வருகிறீர்கள், படம் எத்தனை நிமிஷம் என்பதை மட்டும் போகிக்கு முன்னால் தெரிவித்துவிடுங்கள்; அரிசி நனைக்க வேண்டும்.

இப்படிக்கு,
திருமுக்கூடல்வாசி ஒருவன்